‘நலமா?’ என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது?

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் பழமொழி. மருத்துவ ஆய்வுலகம் இவ்வுண்மையை ஏற்று, நோயாளியின் சொல்லையே அளவுகோலாகக் கொள்ளத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டு துறைகளின்வழி இதனைக் காண்போம். ஒன்று, போரிலிருந்து தப்பிய அகதிகளின் மனக்காயம். மற்றொன்று, புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கான மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை.

அகதிகளின் மனக்காயம்

1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்களுள் பலர் தாய்லாந்து எல்லை முகாம்களில் தங்கினர். ஒரு பகுதியினர் பின்னர் அமெரிக்காவில் குடியேறினர். உயிர் பிழைத்தாயிற்று, உணவும் உறைவிடமும் கிடைத்தாயிற்று. இனி நலம்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணலாம்.

போஸ்டன் நகரில் 1981ஆம் ஆண்டு முதல் இந்தோசீன அகதிகளுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ரிச்சர்ட் மோலிக்கா அவ்வாறு எண்ணவில்லை. அவருடைய குழுவினர் 1992இல் வெளியிட்ட ‘ஹார்வர்ட் மன அதிர்ச்சி வினாப்பட்டியல்’ கெமர், லாவோ, வியட்நாமிய மொழிகளில் அமைந்தது. பட்டினி, சித்திரவதை, குடும்பப் பிரிவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்பதோடு, பட்டவற்றுள் மிகக் கொடியது எது என்பதைச் சொந்தச் சொற்களில் கூறவும் அது இடமளிக்கிறது.

கேட்டால்தான் தெரியும் என்பதற்கு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு சான்று. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் குடியேறி இருபது ஆண்டுகள் கடந்த பின்பும், ஆய்வில் பங்கேற்ற 490 கம்போடியர்களுள் 62 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோயும் 51 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோயும் இருந்தன.

கேட்கும் மொழியும் முக்கியம். கம்போடியர் பலர் தங்கள் அச்சத்தை ‘கியால்’, அதாவது உடலுக்குள் எழும் காற்று, என்றே விவரிக்கின்றனர். இச்சொல்லை அறியாதவர் அதை வெறும் வாயுத் தொல்லை என்று ஒதுக்கிவிடக்கூடும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் நோய்க் கையேடு ‘கியால்’ தாக்குதலையும் பதிவு செய்தது.

மார்பக மறுசீரமைப்பு

மார்பக மறுசீரமைப்பைச் சிலிக்கோன் போன்ற உள்வைப்பைப் பொருத்தியும் செய்யலாம்; நோயாளியின் வயிறு போன்ற பகுதியிலிருந்து எடுத்த திசுவைக் கொண்டும் செய்யலாம். தையல் ஆறியதா, கிருமித் தொற்று உண்டா என்பவற்றை மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால், கண்ணாடி முன் நிற்கும்போது அப்பெண்ணுக்கு என்ன தோன்றுகிறது என்பதை அவர்தாமே சொல்ல வேண்டும்?

ஆண்ட்ரியா பூசிக் குழுவினர் நோயாளிகளிடமே பேசி உருவாக்கிய ‘பிரெஸ்ட்-கியூ’ வினாப்பட்டியல் 2009இல் வெளிவந்தது. உடை பொருந்துவது, தன்னம்பிக்கை, உடல் வலி, தாம்பத்திய வாழ்வு எனப் பலவற்றையும் அது கேட்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. அமெரிக்கா, கனடாவின் 11 மருத்துவ மையங்களில் இதனைப் பயன்படுத்திய ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சொந்தத் திசுவால் மறுசீரமைப்புச் செய்துகொண்டவர்களே கூடுதல் மனநிறைவு தெரிவித்தனர். இத்தனைக்கும் அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் அவர்களுக்கே பொதுவாக அதிகம். சிக்கல்களை மட்டும் எண்ணியிருந்தால் நாம் வேறு முடிவுக்கு வந்திருப்போம்.

நமக்குரிய பாடம்

என் பெரியம்மாவுக்கு மார்பக அறுவை சிகிச்சை முடிந்த பின், மறுபரிசோதனைக்கு நான்தான் உடன் சென்றேன். மருத்துவர் மலாயில் நலம் விசாரித்தார். “ஏதோ இருக்கேன்யா,” என்றார் பெரியம்மா. “பாய்க், டாக்டர்,” என்று நான் மொழிபெயர்த்தேன். நலம் என்று குறிக்கப்பட்டது. அந்த ‘ஏதோ’வை நான் விட்டுவிட்டேன் என்பது இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் உறைத்தது.

தமிழ்ப்பள்ளியில் தமிழும் தேசியப் பள்ளியில் மலாயும் கற்ற நம்மில் பலர், வீட்டுப் பெரியவர்களுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக நிற்கிறோம். அவர்கள் சொன்னதைச் சுருக்காமல், அழகுபடுத்தாமல், முழுமையாக எடுத்துச் சொல்வோம். புரியாவிட்டால் “ஏதோன்னா என்ன பெரியம்மா?” என்று இன்னொரு முறை கேட்போம். இரு மொழி கற்ற நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி அதுவே.