பாக்மேனும் டாங்கி காங்கும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

விளையாட்டு என்பது பொழுதைக் கழிப்பதற்கே உரியது என்று கருதுவோர் பலர். ஆயின் ஒரு விளையாட்டின் விதிகளை நுணுகி நோக்கினால், அவற்றை வகுத்தவரின் அறிவுத்திறனும் அக்காலக் கருவிகளின் வளமும் நமக்குப் புலப்படும். 1980-களில் உலகெங்கும் பரவிய, காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறிகள் இதற்குத் தக்க சான்றாகும். மின்னணுப் பொருள்களை நாள்தோறும் செய்து அனுப்பும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நாம், ஒரே வகைக் கருவியைக் கொண்டு போட்டி நிறுவனங்கள் வேறுபட்ட படைப்புகளைத் தந்த வரலாற்றை அறிதல் பயனுடையது. அவ்வகையில் நாம்கோவின் பாக்மேனையும் (1980), நின்டெண்டோவின் டாங்கி காங்கையும் (1981) இக்கட்டுரை ஒப்பிடுகின்றது.

பிறந்த வரலாறு

இரண்டும் ஜப்பானிய நிறுவனங்களே. நின்டெண்டோ 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் தொழிலாகத் தொடங்கிற்று. நாம்கோ, 1955-இல் மசாயா நகாமுரா தொடங்கிய நிறுவனம். அங்காடிகளின் மொட்டைமாடியில் குழந்தைகள் ஏறி ஆடும் பொறிக்குதிரைகளோடு தன் தொழிலைத் தொடங்கியது.

1978-இல் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெருவெற்றி பெற்றது. அதன்பின் பலரும் சுடும் விளையாட்டுகளையே செய்தனர். நாம்கோவின் டோரு இவாட்டானி, பெண்களும் விரும்பி ஆடும் விளையாட்டு வேண்டும் என்று எண்ணி, உண்ணுதலையே கருப்பொருளாகக் கொண்டார். நின்டெண்டோவின் கதை வேறு. அதன் 'ரேடார் ஸ்கோப்' அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிற்று. அப்பொறிகளை மாற்றிப் பயன்படுத்தும் வண்ணம் புதிய விளையாட்டு ஒன்றை வகுக்கும் பொறுப்பு, வடிவமைப்புக் கலை பயின்ற ஷிகெரு மியாமோட்டோவிடம் வந்தது. ஒன்று கருத்திலிருந்து பிறந்தது. மற்றொன்று தேங்கிய சரக்கிலிருந்து பிறந்தது எனலாம்.

விதிகளின் வேறுபாடு

இரு பொறிகளின் மூளையும் ஒன்றே. அது ஸைலாக் நிறுவனத்தின் இஸட்-80 என்னும் சிப். வேகம் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ். எனவே வேறுபாடு பெரிதும் விதிகளிலேயே உள்ளது.

பாக்மேனில் மாறாத ஒரே புதிர்வழி. 240 புள்ளிகள், 4 பெரிய உருண்டைகள், 4 பேய்கள். நான்கு பேய்களுக்கும் நான்கு இயல்புகள். சிவப்புப் பேய் நேரே துரத்தும். இளஞ்சிவப்புப் பேய், ஆடுபவர் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைக்கும். நீலப்பேய், சிவப்புப் பேயின் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடும். ஆரஞ்சுப் பேய் நெருங்கி வந்து, பின் தன் மூலைக்கே திரும்பும். நம் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளுக்கும் 15 ஆடுகளுக்கும் வெவ்வேறு விதி அமைந்திருத்தலை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் பாக்மேனில் பெரிய உருண்டையை உண்டவுடன் சிறிது நேரம் ஆடே புலியாகி விடுகிறது! பேய்கள் கணக்குப்படியே நடத்தலால், வழியை மனப்பாடம் செய்து ஆடியோரும் உண்டு.

டாங்கி காங்கில் கதை உண்டு. குரங்கு ஒன்று பெண்ணைக் கவர்ந்து உச்சியில் நிற்க, பின்னாளில் மரியோ என்று புகழ்பெற்ற தச்சன் ஏணிகளில் ஏறி மீட்கச் செல்கிறான். நான்கு வெவ்வேறு அரங்குகள் உள்ளன. உருண்டுவரும் பீப்பாய் ஏணிவழி இறங்குமா, நேரே செல்லுமா என்பதில் தற்செயலுக்கும் இடமுண்டு. முன்னது நினைவாற்றலைச் சோதிப்பது. பின்னது கணநேரத் துணிவைச் சோதிப்பது.

255 என்னும் எல்லை

முடிவில் இரண்டும் ஒரே சுவரில் மோதின. எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே எண் அடங்கும். பாக்மேனின் 256-ஆம் கட்டத்தில் எண் நிரம்பி வழிவதால் திரையின் வலப்பாதி சிதைந்து ஆட்டம் நின்றுவிடும். டாங்கி காங்கிலோ, நேரத்தைக் கணக்கிட நிலை எண்ணைப் பத்தால் பெருக்கி 40 கூட்டுவர். 22-ஆம் நிலையில் விடை 260. அதில் 256 கழிய 4 மட்டுமே எஞ்சும். சில நொடிகளில் நேரம் தீர்ந்து வீரன் வீழ்வான். எண்கணிதம் பொழுதுபோக்கையும் ஆளுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

யாருடைய பெயர்?

டாங்கி காங்கின் நிரலை எழுதியவர்கள் இக்கெகாமி சூஷின்கி என்னும் மற்றொரு நிறுவனத்தார். பொறியின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. நிரலுக்குள் தம் நிறுவனப் பெயரை ஒளித்து வைத்தனர். அந்நிரல் அடுத்த விளையாட்டுக்கும் பயன்படுத்தப்படவே, 1983-இல் வழக்குத் தொடுத்தனர். 1990-இல் அது சமரசத்தில் முடிந்தது.

இந்த வினா நம் வட்டாரத்திற்கும் உரியது. 1976-இல் கிரெம்லின் நிறுவனம் வெளியிட்ட 'பிளாக்கேட்' பொறியின் வழிவந்ததே, 1997-இல் டனெலி அர்மான்டோ நோக்கியா 6110 கைப்பேசிக்கு எழுதிய பாம்பு விளையாட்டு. பின்னர் நோக்கியாவின் எளிய கைப்பேசிகள் பலவற்றில் அது இடம்பெற்றது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அங்கு கைப்பேசிகளைக் கோத்த தொழிலாளருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பர் 1-ஆம் நாள் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. கைகள் வேலை இழந்தன. பாம்பு மட்டும் இன்றும் புதிய திரைகளில் ஊர்கின்றது.

முடிவுரை

ஒரே சிப் இரு நிறுவனங்களிடம் இருவேறு உலகங்களைப் படைத்தது என்று கண்டோம். கருவியைக் கோக்கும் தொழில் இழிந்ததன்று. அதுவே நம் ஊர்களில் பல வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றது. ஆயினும் ஆலை இடம் மாறலாம். விதியை வகுக்கும் அறிவு உடையவரோடே செல்லும். அவ்வறிவு மட்டும் போதாது, உழைப்பின் உரிமையை எழுத்தில் பெறுதலும் வேண்டும் என்பதை இக்கெகாமியின் வழக்கு காட்டுகின்றது. கணிதம், இயற்பியல், கணினி, வணிகவியல் பயிலும் நம் கல்லூரி மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்பாராயின், இவ்வட்டாரத்தில் கோக்கப்படும் பொருளின் உள்ளே ஓடும் விதியும் ஒருநாள் இங்கேயே எழுதப்படும்.