கிரைண்டர் உடைந்து போய்ச் சேர்ந்தால்

புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரை ஆன்லைனில் விற்கிறீர்களா? வழியில் டிரம்முக்குள் உருண்டு இடிக்கும் குழவிக்கல்தான் பெரும் சேதம் செய்கிறது. அதைக் கழற்றி, துணி சுற்றி, தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள். டேப் ஒட்டும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். விலை கூடிய மாடல் என்றால் பார்சலுக்கு இன்ஷூரன்ஸ் அவசியம்.

உடைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாங்க. உடைந்த இடம், வெளிப்பெட்டி, முகவரிச் சீட்டு மூன்றுக்கும் படம் கேளுங்கள். பெட்டியை வீசிவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அன்றே கூரியர் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கல் மட்டும் போயிருந்தால் மாற்றுக் கல் அனுப்பினாலே போதும், வாடிக்கையாளர் சம்மதித்தால். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன, 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்.