நல்ல துணி எது என்று கற்பதா சஸ்டெய்னபிள் ஃபேஷன்?

சஸ்டெய்னபிள் ஃபேஷனில் முதுகலை படிக்க விரும்பும் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. எந்தத் துணி நல்லது, எது கெட்டது என்று சொல்லிக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு; ஆர்கானிக் பருத்தி, கைத்தறி, இயற்கைச் சாயம் மூன்றையும் பிடித்துக்கொண்டால் போதும், சொந்தமாக ஒரு பிராண்ட் தொடங்கிவிடலாம் என்பது அது. இதை நம்பிச் சேர்கிறவர்களுக்கு இரண்டு ஆண்டும் கட்டணமும் வீணாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சட்டை பருத்திக் காட்டில் தொடங்கிக் குப்பைமேட்டில் முடியும்வரை தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் பணமும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு செலவாகின்றன என்று கணக்குப் பார்ப்பதும், வடிவமைக்கும்போதே அந்தக் கணக்கை மாற்றுவதும்தான் இந்தப் படிப்பின் உயிர்.

திருப்பூரைவிட இதற்குத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர்ச் சாய ஆலைகள் ஆற்றில் விட்ட சாயக்கழிவு தேங்கியது. எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ, அவரே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறாத சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றில் விடப்பட்டவற்றில் பெரும்பங்கு பருத்தித் துணிக்கான சாயநீர். பருத்தி இயற்கை இழைதான். ஆனால் அதில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் ஏராளமாக உப்பைக் கொட்ட வேண்டும். நிறம் அடர்ந்தால் சாயம், உப்பு, அலசும் தண்ணீர் எல்லாமே கூடும். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மீட்டுத் திரும்பச் சாய ஆலைக்கே அனுப்புகின்றன. பெரிய சாதனை இது; ஆனால் அதற்கு மின்சாரமும் எரிபொருளும் கொட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. ஆக, ஒரு டி-ஷர்ட் கறுப்பா வெளிர்மஞ்சளா என்று முடிவெடுக்கிறவர், அந்த நிலையத்தின் சுமையையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

‘நல்ல துணி’ப் பட்டியலில் உள்ளவற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஏறத்தாழ 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழோடு ஆர்கானிக் என்று விற்கப்பட்டதை, அந்தச் சான்றிதழ் முறையை நடத்தும் காட்ஸ் அமைப்பே 2020-இல் அறிவித்தது. இயற்கைச் சாயம் துணியில் பிடித்து நிற்க, பெரும்பாலும் படிகாரம் போன்ற உலோக உப்பு வேண்டும். அதைக் கொட்டும் இடம் எது என்ற கேள்வி அங்கேயும் எழும். திண்டிவனம் பக்கம் விளையும் அவுரி அருமையான நிறம் தரும், ஆனால் சாயம் நிலத்தில் விளைய வேண்டியிருப்பதால் அளவுக்கு வரம்பு உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நெய்த சட்டையைத் துவைத்தால் அதிலிருந்தும் நுண்ணிழைகள் உதிரும். பாட்டிலாகவே மறுபடி வந்திருக்கக்கூடிய பொருள், சட்டையான பிறகு பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. உலகில் அதிகம் மாசுபடுத்தும் இரண்டாவது தொழில் ஆடைத் தொழில் என்று விளம்பரங்கள் மேற்கோள் காட்டும் வாக்கியத்துக்குப் பின்னாலும் நம்பத்தக்க ஆய்வு ஏதுமில்லை. இவற்றையெல்லாம் ஒதுக்கச் சொல்லவில்லை. அளக்காமல் எதையும் நல்லது என்று சொல்லக் கூடாது என்கிறேன்.

எங்கே அளக்கலாம் என்பதற்கு, இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் கட்டிங் வேஸ்ட். பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையில் விழும் துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓபன் எண்ட்) நூற்பு மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். நிறம் முதலிலேயே இருப்பதால் மறுபடி சாயமேற்ற வேண்டியதில்லை. மேலே சொன்ன உப்புக் கணக்கு முழுவதுமே தவிர்க்கப்படுகிறது. ‘சஸ்டெய்னபிள்’ என்ற சொல் இங்கே புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே, பிழைப்புக்காகத் தொடங்கிய தொழில் அது. இந்த நூலுக்குக் குறையும் உண்டு. இழை குட்டையாகிவிடுவதால் மெல்லிய கவுண்ட் கிடைப்பது கடினம். வலுவுக்குப் பாலியஸ்டர் கலக்கிறார்கள். இந்த இடத்தில்தான் வடிவமைப்பாளரின் கை தெரியும். கொஞ்சம் தடித்த, சற்றே கரடான துணியை அழகாகக் காட்டும் உடுப்பு எது? ஐந்து சதவீத லைக்ராவை விட்டுவிட்டு நெகிழ்வை நிட்டிங் அமைப்பிலேயே கொண்டுவர முடியுமா? லைக்ரா கலந்த துண்டு பஞ்சாக்கும் எந்திரத்தில் தொல்லை கொடுக்கும் என்பதால், பேட்டர்ன் வரையும் மேசையில் எடுக்கும் அந்தச் சிறு முடிவே துண்டுத் துணி நூலாகுமா குப்பையாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பையர் சொல்வதைத் தைத்துக் கொடுக்கும் ஊரில் வடிவமைப்பாளருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆர்டர் உறுதியான பிறகு அதிகாரம் இல்லைதான். ஆனால் சேம்பிள் நிலையில் மாற்றுத் துணியையும் அதன் கணக்கையும் சேர்த்து நீட்டினால் பேச்சு மாறுவதற்கு இப்போது காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோடிசைன் சட்டம், விற்காத உடைகளை அழிப்பதற்குப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை 19 முதல் தடை விதிக்கிறது. பொருளின் வரலாற்றைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்கும் அந்தச் சட்டமே அடித்தளம். அந்தத் தகவலைத் தர வேண்டியவர்கள் தைக்கிற ஊர்க்காரர்கள்.

கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாததைக் கல்லூரியா சொல்லித்தரப் போகிறது என்பது இதைவிட வலுவான மறுப்பு. துணி வீணாவதைப் பற்றி அவர் அறிந்ததில் பாதியைக்கூட வகுப்பறை தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், பிரிண்டிங் மூன்றாமவரிடம் என்று ஜாப் ஒர்க்கில் பிரிந்து நடக்கும் தொழில் இது. அவரவர் கட்டத்தை அவரவர் நன்றாக அறிவார், முழுச் சங்கிலியையும் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. முதுகலைப் படிப்புக்கு இடம் இருப்பது அங்கேதான். படம் வரையத் தெரிந்தவருக்கே இது என்ற எண்ணமும் பொருந்தாது. நிஃப்ட் நிறுவனத்தின் எம்.டெஸ். படிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வில் வரைகலைத் திறனைச் சோதிப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் வேதியியலோ வணிகவியலோ படித்தவர் இந்தத் துறைக்குக் கொண்டுவருவதும் சின்னதல்ல.

தொழில்முனைவு என்றால் சொந்த பிராண்ட் என்பது எஞ்சியிருக்கும் நம்பிக்கை. நூறு சட்டைக்கான துணியைச் சாயமேற்றப் போனால், சாயத் தொட்டியின் கொள்ளளவுக்குக் குறைந்த ஆர்டரை ஆலைகள் எடுக்கத் தயங்கும்; எடுத்தாலும் கிலோவுக்கு விலை ஏறும். பணம் துணியிலும் இருப்பிலும் முடங்கும். விற்காமல் தேங்கும் சட்டை எவ்வளவு நல்ல பருத்தியானாலும் வீண்தான். மாறாக, துண்டுத் துணியை நிறமும் இழையும் பார்த்துத் தரம்பிரிப்பது, மிஞ்சிய துணியைச் சிறு தயாரிப்பாளர்களுக்குச் சேர்ப்பது, உடைகளைப் பழுதுபார்ப்பது, ஏற்றுமதியாளர்களுக்குத் தகவல் தொகுத்துக் கொடுப்பது என்று பெயர்ப்பலகை இல்லாத தொழில்கள் பல உண்டு. சேரும் முன் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மாணவர்களைச் சாய ஆலைக்குள்ளும் ஓ.இ. மில்லுக்குள்ளும் வாரக்கணக்கில் அனுப்புகிறார்களா, இறுதித் திட்டத்தில் உடையோடு அதன் விலைக்கணக்கையும் தண்ணீர்க்கணக்கையும் வைத்து மதிப்பெண் போடுகிறார்களா. ஃபேஷன் ஷோ மட்டும்தான் பதில் என்றால், அந்தக் கட்டணத்தை வேறு இடத்தில் கட்டலாம்.