தங்கவயல் வீடுகளின் விரிசல்கள் சொல்லும் பாடம்



நிலநடுக்கம் என்றதும் 1993-ல் லாத்தூர், 2001-ல் பூஜ் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஓர் ஊரில் நூறாண்டுக்கும் மேலாகத் தரை அவ்வப்போது அதிர்ந்திருக்கிறது. அதுதான் கோலார் தங்கவயல். நான் அங்கே பாலகாட் லைன் வீட்டில் வளர்ந்தவன். பிற்காலத்தில் கட்டடத் துறையில் வேலை பார்த்தவன். அந்த ஊர்ச் சுவர்கள் எனக்குக் கற்பித்ததை இங்கே பாடமாகத் தருகிறேன். சொந்த ஊரில் பழைய வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும்.

பாறை ஏன் வெடித்தது?

தங்கவயலின் வடகோடியில் பாலகாட் சுரங்கம். அதற்குத் தெற்கே நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என வரிசையாகச் சுரங்கங்கள். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியார் தொடங்கிய வேலை, தங்கம் போன வழியே கீழே கீழே சென்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது.

அவ்வளவு ஆழத்தில் பாறையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் மேலேயுள்ள பூமி 800 கிலோவுக்குக் குறையாமல் அழுத்துகிறது. தங்கம் கலந்த கல்லை வெட்டி எடுத்துவிட்டால், அது தாங்கிய பாரமும் பக்கத்துப் பாறையின் தலையில் விழும். பாக்குவெட்டியில் அகப்பட்ட கொட்டைப்பாக்கை நினைத்துப் பாருங்கள். அழுத்த அழுத்தச் சும்மா இருக்கும். ஒரு கட்டத்தில் 'பட்'டென்று உடைந்து துண்டுகள் தெறிக்கும். கடினமான பாறையும் அப்படித்தான் வெடிக்கிறது. அதிலிருந்து கிளம்பும் அலை, குளத்தில் கல் விழுந்தாற்போல் நாலாபுறமும் பரவி மேலே வந்து ஊரைக் குலுக்குகிறது.

ஆரம்ப காலத்தில் இதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். மைசூர் அரசின் நிலவியல் அறிஞர் டபிள்யூ.எஃப்.ஸ்மீத் 1904-லேயே இதுபற்றித் தனி நூல் எழுதினார். இன்று இதற்குப் பாறை வெடிப்பு என்று பெயர். வெட்டிய வெற்றிடங்களில் முதலில் மரத்தையும், பிறகு கருங்கல்லையும், அதன்பின் கான்கிரீட்டையும் கொண்டு முட்டுக் கொடுத்துப் பார்த்தனர். வெடிப்புகள் குறைந்தனவே தவிர நின்றபாடில்லை. 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கௌரிபிதனூர் நிலநடுக்கப் பதிவு நிலையத்திலும் தங்கவயலின் பெரிய அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

வீடுகள் என்ன ஆயின?

அதிர்வு வந்தால் அடுக்குப் பாத்திரங்கள் கலகலக்கும். சுவரிலிருந்து காரை உதிரும். எங்கள் லைனில் அப்போது யாரும் முதலில் சுவரைப் பார்ப்பதில்லை. "உங்க வீட்டுக்காரர் எந்த ஷிப்டு?" என்பதே பெண்களின் முதல் கேள்வி. கீழே போனவர் மேலே வந்த பிறகுதான் வீட்டைப் பற்றிய பேச்சு. அந்த அதிர்வுகளில் உயிரிழந்த தொழிலாளர் பலர். சுவரில் விழுந்த ஒவ்வொரு விரிசலுக்கும் பின்னால் பூமிக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஊரில் வீடுகள் பல வகை. ஆதியில் தொழிலாளர்கள் இருந்தவை மூங்கில் தட்டி வீடுகள். மழைக்கும் நெருப்புக்கும் அவை ஆகாதவை. ஆனால் அதிர்வில் ஆடினாலும் ஆளைக் கொல்லாதவை. மண் சாந்தில் கட்டிய கல் சுவர்களோ பார்வைக்கு உறுதியானவை, குலுக்கலில் பிளப்பவை.

காரணம் எளிது. ஓடும் பஸ் திடீரென்று நின்றால், தலையில் மூட்டையோடு நிற்பவர்தான் முதலில் சாய்வார். கட்டடமும் அப்படியே. எடை கூடக்கூடத் தள்ளும் விசையும் கூடும். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர்ப் பகுதியில் சுமார் 10,000 பேர் மாண்டதற்கு, மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவரும் அதன்மேல் இருந்த தடித்த மண் கூரையும் முக்கியக் காரணங்கள்.

சுரங்க அதிர்வும் சாமானியமானதன்று. தென் ஆப்பிரிக்காவின் தங்கச் சுரங்க நகரான வெல்கமில் 1976-ல் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்தே விழுந்தது.

விரிசலைப் படிப்பது எப்படி?

1. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்: சுவர் பக்கவாட்டில் இழுபட்டதன் அடையாளம். இரண்டு சாய்வுகள் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டால், சுவர் இருபுறமும் ஆட்டம் கண்டிருக்கிறது.

2. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் செங்குத்தான விரிசல்: சுவர்களுக்குள் பிடிப்பு இல்லை. அடுத்த அதிர்வில் ஒன்று வெளிப்புறம் சாயலாம்.

3. கல் சுவர் வயிறு தள்ளியிருத்தல்: உள்வரிசையும் வெளிவரிசையும் பிரிகின்றன. இரண்டையும் பிணைக்கும் முழுநீளக் கற்கள் போடாததே காரணம்.

4. பூச்சில் மட்டும் தலைமுடி போன்ற கோடுகள்: பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருபவை, அஞ்ச வேண்டியதில்லை.

விரிசல் வளர்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. பூச்சைச் சுரண்டிவிட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே இரு முனைகளிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

சுரங்கம் மூடிய பின்

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இனி வெட்டுவாரில்லை, அதிர்வும் இராது என்றே பலரும் எண்ணினர். ஆனால் பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறிப் பாறை இடுக்குகளில் புகுந்தது. அதன்பின்னும் சிறு அதிர்வுகள் பதிவாயின. தண்ணீரின் அழுத்தம், இறுகப் பிடித்திருக்கும் பாறைப் பிளவுகளைத் தளர்த்தி நழுவச் செய்யக்கூடும். மகாராஷ்டிரத்தில் 1967 டிசம்பரில் ஏற்பட்ட கொய்னா நிலநடுக்கத்தையும் அங்குள்ள அணைநீரோடு அறிஞர்கள் தொடர்புபடுத்துகின்றனர்.

நாம் செய்ய வேண்டியது

வெளியூரில் சம்பாதிக்கும் நாம் ஊருக்குப் பணம் அனுப்பி, தாத்தா காலத்துச் சுவர்மேல் கான்கிரீட் தளம் போடச் சொல்கிறோம். தகரமும் ஓடும் தாங்கிய மண் சாந்துச் சுவரின் தலையில் பல டன் பாரம் ஏறுகிறது. வெயிலுக்கு நல்லது, பார்வைக்கும் அழகு. ஆனால் மூட்டை சுமந்தவர் கதைதான். தளம் போடுமுன் சுவரையும் அஸ்திவாரத்தையும் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். புதிதாகக் கட்டுவதானால், கதவு ஜன்னல்களுக்கு மேல் தனித்தனித் துண்டு லிண்டல் வேண்டாம். வீட்டை முழுதும் சுற்றி வரும்படி, அரைஞாண் கட்டியதுபோல, கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடிப்பது அதுவே. ஆகும் செலவு வீட்டின் மொத்தச் செலவில் சிறு பங்குதான்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளோடு பழைய வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த விரிசல் எந்த வகை என்று அவர்களே சொல்லட்டும். அந்தச் சுவர் பிளந்த நாளில் யார் எந்த ஷிப்டில் இருந்தார்கள் என்பதைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எந்தப் பதிவுக் கருவியிலும் அந்தச் செய்தி கிடையாது.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

1. பாறை வெடிப்புக்கும் பாக்குவெட்டிக்கும் என்ன ஒற்றுமை?
2. தட்டி வீட்டைவிடக் கல் வீட்டில் ஆபத்து அதிகம். ஏன்?
3. சுரங்கம் மூடிய பின்னும் தரை அதிர்ந்தது எதனால்?