தனித்தாட் பிலிமைச் சீராகத் துலக்கும் முறை

நிழற்படக் கலை பயில்வோருட் பலர், கமராவின் பொத்தானை அழுத்தியதும் பணி முடிந்ததென எண்ணுவர். பாதிப் பணி இருட்டறையிலே காத்திருக்கிறது. 4×5 அங்குலத் தனித்தாட் பிலிமில் ஒரு தாளுக்கு ஒரு படமே. கெட்டால் அதற்கு ஈடில்லை. எமது முதிய ஆசிரியர் ஒருவரைத் திண்ணையில் இருத்தி எடுத்த படத்தை நாம் அவசரத்தாற் கெடுத்தோம்; பின்னிருந்த வெண்சுவரிற் பட்டை பட்டையாகக் கறை தோன்றிற்று. மறுமுறை எடுக்க அவர் உயிரோடில்லை. அப்பிழை கற்பித்ததையே இங்கு எழுதுகிறோம்.

கறைக்குக் காரணம் யாது? ஒளி பட்ட வெள்ளிப் புரோமைட்டைத் துலக்குந் திரவம் வெள்ளியாக மாற்றுகையிற் புரோமைட்டு வெளிப்பட்டுத் துலக்கலைத் தடுக்கிறது. திரவம் அசையாது நின்றால், அது தேங்கும் இடம் பின்தங்கும். ஒரே திசையில் ஓயாது அசைத்தாலோ, ஓட்டம் மிகுந்த ஓரங்கள் மிகையாகத் துலங்கும். புதுத் திரவம் எங்கும் ஒப்பச் சேரவேண்டும் என்பதே இதன் சாரம்.

நீர், துலக்குந் திரவம், நிறுத்துந் திரவம், ஐப்போ ஆகியவற்றை 8×10 அங்குலத் தட்டங்களில் ஆயத்தஞ் செய்க. திரவம் 20 பாகை செல்சியசில் இருத்தல் நன்று. எமது வெப்பத்திற்கு, தட்டத்தைச் சுற்றிப் பனிக்கட்டி நீர் வேண்டும். சூடேறினால் நேரங் குறுகும்; ஐந்து நிமிடத்திற் குறைந்த துலக்கலிற் சீர்மை அரிது. மேலும், செலற்றின் மென்மையுற்றுக் கீறல் விழும்.

பின்னர் முழு இருளிற் கையுறையணிந்து தொடங்குக. தாளை நிமிர்த்திப் பிடிக்கையில், ஓரவெட்டு வலப்புற மேன்மூலையில் இருப்பின், மருந்துப் பக்கம் எம்மை நோக்கியிருக்கும். அப்பக்கம் மேலாக, நான்கு தாள்களை ஒவ்வொன்றாக நீரில் அமிழ்த்துக. இரண்டு நிமிடம் ஊறினால் தாள்கள் ஒட்டா. திரவமும் ஒருங்கே ஊடுருவும். துலக்குந் திரவத்தில் இட்டபின், அடித்தாளை உருவி மேலே வைத்து மெல்ல அமிழ்த்துக. அரை நிமிடத்திற்கு ஒருமுறை நான்கும் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சுற்றின் பின்னும் அடுக்கைக் காற்பங்கு திருப்புக. நேரம் முடிந்ததும், இட்ட ஒழுங்கிலேயே எடுத்து நிறுத்துந் திரவத்தில் இடுக. ஐப்போவிலும் இவ்வாறே சுற்றுக.

முதலிற் பழுதான தாள்களைக் கொண்டு, பகலிற் கண்களை மூடிப் பழகுக. விரல்கள் பாடம் பெற்றபின் இருளுக்கு அஞ்சவேண்டியதில்லை. அன்று அப்பொறுமை எம்மிடம் இருந்திருப்பின், ஆசிரியரின் முகம் மாசின்றி எம்மோடிருந்திருக்கும்.