ஆம்ப்ல இருக்கிறது சவுண்டு திருகு இல்ல, தம்பி!

கார் ஸ்பீக்கர் போயிடுச்சுன்னா எல்லாரும் முதல்ல திட்டுறது ஸ்பீக்கர் கம்பெனியைத்தான். கழற்றிப் பிரிச்சுப் பார்த்தா கதை வேற. கோனுக்கு அடியில இருக்கிற காயில், செம்பு நிறம் போய்க் கறுத்துக் கிடக்கும். சில இடத்துல கம்பி உருளையை விட்டுப் பிரிஞ்சு தொங்கும். வார்னிஷ் கருகின வாடை மூக்குல ஏறும். அந்தக் காயிலைக் கொன்னது பெரும்பாலும் ஆம்ப்ல 'கெயின்'னு போட்டிருக்கிற ஒரு சின்னத் திருகு. அதைச் சவுண்டு திருகுன்னு நெனச்சு வலது கோடி வரைக்கும் திருப்பி வெச்சிருப்பாங்க.

உனக்கு நேரம் இல்லன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் ஒதுக்கு, போதும். தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வண்டி உன்னோடதுன்னா திருகும் உன் பொறுப்புதான்.

முதல்ல இந்த ஒரு விஷயத்தை மண்டையில ஏத்திக்கோ. டேஷ்போர்டுல இருக்கிற செட்டுக்குப் பின்னாடி ஆர்சிஏ வயர் வழியா ஆம்புக்குப் போறது சின்ன வோல்டேஜ். சாதாரண செட்ல 2 வோல்ட், கொஞ்சம் நல்ல செட்ல 4 வோல்ட். எத்தனை வோல்ட் வந்தா ஆம்ப் தன்னோட முழுச் சக்தியையும் கொடுக்கணும்னு முடிவு பண்றதுதான் கெயின். அதனாலதான் பல ஆம்ப்ல அந்தத் திருகோட இடது கோடியில 6 வோல்ட், வலது கோடியில 0.2 வோல்ட்னு அச்சடிச்சிருக்கும். வலது கோடிக்குத் திருப்பிட்டா வெறும் 0.2 வோல்ட்டுக்கே ஆம்ப் உச்சத்துக்குப் போயிடும். உன் செட் தர்றதோ 2 வோல்ட், இல்லன்னா 4 வோல்ட். வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினதுமே ஆம்போட தெம்பு தீர்ந்துடும். அதுக்கு மேல நீ ஏத்த ஏத்த சவுண்டு கூடாது, கிழியத்தான் செய்யும்.

அந்தக் கிழியிற சவுண்டுக்குப் பேர்தான் கிளிப்பிங். அலையோட உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிடும். முழுக்கச் சதுரமா ஆகிட்ட அலை, அதே உயரத்துல இருக்கிற சுத்தமான அலையை விட இரண்டு மடங்கு சக்தியைத் தள்ளும். அதாவது 50 வாட்ஸ் ஆம்ப், மோசமாக் கிளிப் ஆனா 100 வாட்ஸ் வரைக்கும் தள்ளும். ஸ்பீக்கருக்குள்ள போற சக்தியில சத்தமா மாறுறது ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் காயில்ல சூடா இறங்கும். பிசின் இளகும், கம்பி மேல இருக்கிற பூச்சு கருகும், காயில் அறுந்துடும். அதுலயும் முதல் பலி ட்வீட்டர்தான். அதோட கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு. கிளிப்பிங்ல கூடுதலாப் பொறக்கிற கீச்சுச் சத்தம் எல்லாம் நேரா அதுக்குத்தான் போகும்.

சரி, இப்போ வேலைக்கு வா.

1. அட்டைப்பெட்டி மேல இருக்கிற வாட்ஸை நம்பாதே. '1000 வாட்ஸ்'னு பெரிசா போட்டிருந்தா கண்ணை மூடிக்கோ. ஆர்எம்எஸ்னு பொடி எழுத்துல ஒரு எண் இருக்கும், அதைத் தேடு. ஸ்பீக்கருக்கும் அதுதான், ஆம்புக்கும் அதுதான் கணக்கு. ஆம்ப் வாங்கும்போது சிடிஏ-2006 (முன்னாடி சிஇஏ-2006) முத்திரை இருக்கான்னு பாரு. 14.4 வோல்ட், 4 ஓம்ஸ், 1 சதவீதத்துக்கு மேல கரகரப்பு இல்லாம அளந்த வாட்ஸ்னு அதுக்கு அர்த்தம். செட்டு முகப்புல '50 வாட்ஸ் × 4'னு போட்டிருக்கிறதும் அந்த அட்டைப்பெட்டி கதைதான். தனியா வோல்டேஜை ஏத்துற சர்க்யூட் இல்லாத செட்டு, கார் கரன்ட்டுல 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படியே 26 வாட்ஸைத் தாண்ட முடியாது. நிஜத்துல 20 பக்கம் வந்தாலே நல்ல செட்டு.

2. 'சின்ன ஆம்ப் போட்டா ஸ்பீக்கர் போயிடும்'னு யாராவது சொன்னா அப்படியே நம்பிடாதே. சின்ன ஆம்ப் தன் அளவுக்குள்ள பாடுற வரைக்கும் ஸ்பீக்கருக்கு ஒரு கெடுதலும் இல்ல. சவுண்டு பத்தலன்னு அதை நீ வதைக்கிறப்பதான் கெடுதல். ஸ்பீக்கரோட ஆர்எம்எஸ்ஸும் ஆம்போட ஆர்எம்எஸ்ஸும் ஏறக்குறைய சமமா இருக்கணும். ஆம்ப் கொஞ்சம் கூட இருந்தா இன்னும் நல்லது. வதைக்காமலே உனக்கு வேண்டிய சவுண்டு வந்துடும்.

3. கெயினைக் காதாலேயே வைக்கிற முறை. பொறுமையா, இதே வரிசையில செய். ஒண்ணைத் தாண்டிக் குதிக்காதே.

- செட்ல பேஸ், ட்ரெபிள், ஈக்யூ எல்லாத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டு வா. லவுட்னஸ் ஆஃப். பேலன்ஸ், ஃபேடர் நடுவுல.
- ஆம்ப்ல கெயினை இடது கோடிக்குத் திருப்பு. பேஸ் பூஸ்ட் பூஜ்யம்.
- உனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச, நல்லா பதிவான ஒரு பாட்டை யுஎஸ்பி-ல போடு. தெரியாத பாட்டுல கரகரப்பு பாட்டோடதா ஆம்போடதான்னு உனக்கே குழம்பும்.
- செட்டு வால்யூமை மெதுவா ஏத்து. செட்டே பிசிறடிக்கிற இடம் வந்தா ரெண்டு மூணு எண் இறங்கிக்கோ. பல செட்ல இது முக்கால்வாசியில வரும். 40 எண் இருந்தா 30, 32. அந்த எண்ணைக் குறிச்சு வை. இனிமே அதுதான் உன் வண்டியோட மேல் எல்லை.
- வால்யூமை அந்த எண்ணுலயே விட்டுட்டு, ஆம்ப் கெயினை முடி அளவு முடி அளவா ஏத்து. பாடுறவங்களோட 'ச', 'ஸ' உச்சரிப்பைக் கவனி. அது சீறல் மாதிரி மாறுச்சுன்னா, இல்ல தபேலா அடி மழுங்குச்சுன்னா, எல்லை வந்துடுச்சு. கொஞ்சம் பின்னாடி வா. நிறுத்து. கையை எடு!

முன் ஸ்பீக்கருக்குத் தனியா, பின் ஸ்பீக்கருக்குத் தனியா, சப்-ஊஃபருக்குத் தனியா இதைச் செய்யணும். எல்லாத்தையும் ஒண்ணாப் பாடவிட்டா எது கிழியுதுன்னு பிடிபடாது. சப்-ஊஃபர் விஷயத்துல காதை முழுசா நம்பாதே. தாழ்ந்த சத்தத்துல கிளிப்பிங் இருந்தா நம்ம காது அதை 'நல்ல பஞ்ச்'சுன்னு எடுத்துக்கும். அதுக்குத்தான் அடுத்த வேலை.

4. மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நிச்சயம். சென்னையில இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட், மத்த ஊர்ல ஏதாவது ஒரு எலக்ட்ரிக்கல் கடை. விலை மலிவான மீட்டரே போதும். கணக்கு இவ்வளவுதான்: வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கு, வர்ற எண்ணுக்கு ஸ்கொயர் ரூட் எடு. போன் கால்குலேட்டர் செஞ்சுடும்.

- 50 வாட்ஸ், 4 ஓம்ஸ்: 14.1 வோல்ட்
- 60 வாட்ஸ், 4 ஓம்ஸ்: 15.5 வோல்ட்
- 100 வாட்ஸ், 4 ஓம்ஸ்: 20 வோல்ட்
- 300 வாட்ஸ் சப், 4 ஓம்ஸ்: 34.6 வோல்ட், அதே 300 வாட்ஸ் 2 ஓம்ஸ்னா 24.5 வோல்ட்

ஆம்ப் வாட்ஸா, ஸ்பீக்கர் வாட்ஸா, எது குறைவோ அதைக் கணக்குல எடு. ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் வயரைக் கழற்று. முனைகள் ஒண்ணோட ஒண்ணு உரசாம டேப் சுத்து. 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோன் ஒண்ணை யுஎஸ்பி-ல ஏத்தி வெச்சுக்கோ. 50 ஹெர்ட்ஸ் ஏன்னா, மலிவு மீட்டரெல்லாம் வீட்டுக் கரன்ட்டை அளக்கச் செஞ்சது, அங்கேதான் உண்மை பேசும். அளக்கிற நேரத்துக்கு மட்டும் எச்பிஎஃப்-ஐ (தாழ்ந்த சத்தத்தை வெட்டுற ஃபில்டர்) ஆஃப் பண்ணு, இல்லன்னா டோனை அது வடிகட்டிடும். மீட்டரை ஏசி வோல்ட்ல வை, செட்டை நீ குறிச்ச எண்ணுல வை, கணக்குல வந்த வோல்ட் தெரியிற வரைக்கும் கெயினை ஏத்து. ஸ்பீக்கர் இல்லாம அளக்கும்போது ஆம்ப் கொஞ்சம் கூடுதலாவே காட்டும், அதனால ஒரு பொட்டு குறைச்சே வை. அப்புறம் வால்யூமை இறக்கு, டோனை நிறுத்து, ஆம்பை ஆஃப் பண்ணு, எச்பிஎஃப்-ஐ மறுபடி போடு, கடைசியாத்தான் ஸ்பீக்கரை மாட்டணும். அந்த டோன் ஓடும்போது ஸ்பீக்கரை மாட்டினே, நான் சும்மா இருக்க மாட்டேன்.

கெயின் வைக்கும்போது இஞ்சின் ஓடிட்டு இருக்கணும். ஓடினா 14 வோல்ட் பக்கம் இருக்கும், ஓடலன்னா 12 சொச்சம்தான். ஆனா வண்டி வெளியில, திறந்த இடத்துல நிக்கணும். மூடின ஷெட்டுக்குள்ள இஞ்சினை ஓடவிடாதே, அந்தப் புகை ஆளையே கொன்னுடும்.

5. பேஸ் பூஸ்ட் பக்கம் போகாதே. 3 டெசிபல் ஏத்தினா ஆம்ப் அந்த இடத்துல ரெண்டு மடங்கு சக்தி கொடுக்கணும். 6-க்கு நாலு மடங்கு. பல ஆம்ப்ல அந்தத் திருகு 12 வரைக்கும் போகும், அது பதினாறு மடங்கு! நீ ஒரு மணி நேரம் உக்காந்து வெச்ச கெயின் கணக்கெல்லாம் இந்த ஒரு திருப்புல போச்சு. செட்டு ஈக்யூ-லயும் இதேதான். பேஸ் பத்தலையா, மத்ததைக் குறை.

6. கதவு ஸ்பீக்கருக்குப் பெரிய பேஸை அனுப்பாதே. ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரால 40 ஹெர்ட்ஸ் எல்லாம் பாட முடியாது; கோன் மட்டும் வீணா முன்னும் பின்னும் அலையும், காயில் பின் தகட்டுல போய் இடிக்கும். 'டக் டக்'னு கேட்டா அதுதான். ஆறரை இஞ்சுக்கு எச்பிஎஃப் 80 ஹெர்ட்ஸ், நாலு இஞ்சுக்கு 100 முதல் 120, ஆறுக்கு ஒன்பது ஓவல் ஸ்பீக்கருக்கு 60. சப்-ஊஃபருக்கு எல்பிஎஃப் (மேல் சத்தத்தை வெட்டுற ஃபில்டர்) 80. சப் பெட்டியில போர்ட் ஓட்டை இருந்தா சப்சானிக் ஃபில்டரை 25, 30 ஹெர்ட்ஸ்ல போடு. எனக்குக் கேட்டா, கெயினுக்கு அடுத்து ஸ்பீக்கரைக் காப்பாத்துறது இந்த எச்பிஎஃப் சுவிட்சுதான். பல பேர் வண்டியில அது ஆஃப்லயே கிடக்கு.

7. பழைய பாட்டுக்காகக் கெயினைத் தொடாதே. இது நம்ம ஆளுங்க நிறையப் பேர் பண்றது. 80-கள்ல பதிவான பாட்டு சிறுசாக் கேக்கும், இப்போ வர்ற பாட்டை உச்ச லெவல்லயே பதிஞ்சு விடுறாங்க. பழைய பாட்டுக்கு ஏத்தி வெச்ச கெயின்ல அடுத்து புதுப் பாட்டு வந்து விழும்போது ட்வீட்டர் காலி. வால்யூமை ஏத்திக்கோ, பாட்டு முடிஞ்சதும் இறக்கிக்கோ, அவ்வளவுதான். எஃப்எம், ப்ளூடூத், யுஎஸ்பி மூணும் மூணு அளவுல பாடினா செட்டுக்குள்ள சோர்ஸ் லெவல்னு ஒண்ணு இருக்கும். பயனியர் செட்ல எஸ்எல்ஏ-ன்னு வரும். அங்கே சமப்படுத்து. ப்ளூடூத்ல போன் வால்யூமை மேல வெச்சு, செட்டுல கட்டுப்படுத்து. போன்ல இருக்கிற ஈக்யூ, பேஸ் ஆப் எல்லாத்தையும் அணைச்சுடு.

8. கம்பெனி செட்டையே வெச்சிருக்கியா? ஆர்சிஏ இல்லாததால நடுவுல ஒரு ஹை-லோ கன்வெர்ட்டர் போட்டிருப்பாங்க. அதுலயும் ஒரு திருகு இருக்கும். முதல்ல அதை வை, அப்புறம்தான் ஆம்ப். ரெண்டையும் மாத்தி மாத்தித் திருகிட்டு இருந்தா நாள் முழுக்கப் போகும்.

9. வயர்ல கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிசு பவர் வயர், பெயின்ட்டைச் சுரண்டாம முறுக்கின எர்த், இது ரெண்டும் ஆம்புக்குப் போற வோல்டேஜைத் தின்னுடும். ஆம்ப் சீக்கிரமே கிளிப் ஆகும். எர்த் வயர் அரை மீட்டருக்குள்ள இருக்கட்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும்.

10. ஸ்பீக்கர் நிஜமாவே போயிடுச்சான்னு பார்க்க. ஆம்பை ஆஃப் பண்ணு. நாலு விரலையும் விரிச்சு கோனைச் சுத்திலும் சமமா, மெதுவா அமுக்கு. 'சரக் சரக்'னு உரசினா காயில் கோணிடுச்சு. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிட்டு மீட்டரை ஓம்ஸ்ல வை: 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3.2-லேர்ந்து 3.8-க்குள்ள காட்டினா காயில் உயிரோட இருக்கு. எதுவுமே காட்டலன்னா அறுந்துடுச்சு. ட்வீட்டரை மட்டும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதே, கூட ஒரு கெப்பாசிட்டர் இருந்தா நல்ல ட்வீட்டரும் மீட்டர்ல செத்த மாதிரிதான் காட்டும். கெப்பாசிட்டரைத் தாண்டி நேரா முனையில வெச்சுப் பாரு.

போனது போனதுதான்னு தெரிஞ்சா, புதுசு வாங்கிட்டு வந்ததும் பழைய செட்டிங்லயே மாட்டிடாதே. ஒண்ணைக் கொன்ன கெயின் இன்னொண்ணையும் கொல்லும். திருகை இடது கோடிக்குக் கொண்டு வந்துட்டு அப்புறமா ஸ்பீக்கரை மாட்டு. வெச்சு முடிச்சதும் பெயின்ட் மார்க்கரால திருகு மேல ஒரு கோடு போட்டுடு. சர்வீஸுக்கு விட்டுட்டு வந்த பிறகு, இல்ல ஃபிரெண்டு வண்டியை வாங்கிட்டுப் போயிட்டு வந்த பிறகு, அந்தக் கோடு நகர்ந்திருக்கான்னு ஒரு பார்வை பார்த்துட்டு அப்புறம் பாட்டைப் போடு.