ஈழத் தேவாரப் பதிகங்களும் இடவுணர்வுக் கல்வியும்

முன்னுரை

இலங்கைப் பள்ளிகளில் சமயம் கட்டாயப் பாடமாகும். சைவநெறி பயிலும் மாணவர்க்குத் தேவாரம் பெரிதும் மனனப் பொருளாகவே அமைகிறது. அது வாழிட மரபை உணர்த்தும் வாயிலாகவும் அமையக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிகத்தில் இடம்

பாடல்பெற்ற தலங்களுள் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் ஈழத்தில் உள்ளன. கோணமலைப் பதிகத்தில் சம்பந்தர், முத்துகளைக் கொழிக்கும் கடலைக் காட்டுகிறார். சுந்தரரின் கேதீச்சரப் பதிகம் மாதோட்டத்தையும் பாலாவிக் கரையையும் பெயர் சுட்டிப் பாடுகிறது. பழைய கோயில்களைப் போர்த்துக்கேயர் இடித்தனர்; இன்றுள்ள கட்டடங்கள் பிற்காலத்தன. கடலும் பாலாவியும் இன்றும் உள்ளன. ஆதலின் பாடலை நிலத்தோடு ஒப்பிட்டுக் கற்பித்தல் இயலும்.

காணாது பாடிய மரபு

இருவரும் கடல் கடவாது இராமேச்சுரத்திலிருந்தே இத்தலங்களைப் பாடினர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. கற்பித்தல் நோக்கில் இது முதன்மையானது. போரால் பெயர்ந்த பெற்றோரின் ஊரைக் காணாமலே வளரும் பிள்ளைகள் பலர். காணாத இடத்தின்மீதும் உரிமை கொள்ளலாம் என்பதை அவர்க்கு இம்மரபு உணர்த்தும்.

முடிவுரை

எனினும் இவ்வுரிமை பிறரை விலக்குவதாக அமைதல் கூடாது. கேதீச்சரம் உள்ள மன்னார் மாவட்டத்திலேயே மடு அன்னை திருத்தலமும் உள்ளது. உடன்வாழும் கத்தோலிக்க, இசுலாமியப் பிள்ளைகளுக்கும் அம்மண் சொந்த ஊரே. அதனையும் சேர்த்துக் கற்பிக்கும்போதே சமயப் பாடம் மரபுக் கல்வியாக நிறைவுறும்.